ஓடைத் தண்ணி சூடானா யாரு யார சாப்பிடுவாங்க? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நேச்சர் வாக் கூட்டிட்டுப் போறப்பவும் சரி, வீட்டுக்கு வந்தப்புறம் வாட்ஸ்அப்லயும் சரி, பூமி சூடாகுறதுக்கும் ஓடைக்கும் என்ன சம்பந்தம்னு இதே சந்தேகங்கள்தான் சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொரு தடவையும் வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விகள கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

உணவு வலைன்னா ஸ்கூல்ல படிச்ச புல்லு, மானு, புலி தானே? ஓடையில அப்படி என்ன இருக்கு?

ஓடையில முழங்கால் தண்ணியில நின்னு ஒரு உள்ளங்கை அளவு கல்ல எடுத்துத் திருப்பிப் பாருங்க. கல்லோட மேல்பக்கம் வழவழன்னு பழுப்பா ஒரு படலம் இருக்கும், வழுக்கி விழ வைக்கிறதே அதுதான், டயட்டம்னு சொல்ற நுண்பாசி. அடிப்பக்கம் தட்டையா ஒரு பூச்சி, மூணு வால், இடுப்பு ரெண்டு பக்கமும் இலை மாதிரி செவுள் படபடன்னு ஆடும், அது மேஃப்ளையோட குஞ்சு, அந்தப் பாசிய சுரண்டித் திங்கிறது. பக்கத்துலயே மணலையும் சின்னக் கல்லையும் ஒட்டி ஒரு குழாய் செஞ்சு அதுக்குள்ள குடியிருக்கறது கேடிஸ்ஃப்ளை புழு.

ஓடைக்கு சாப்பாடு ரெண்டு வழியா வருது. ஒண்ணு வெயில்ல வளர்ற பாசி, இன்னொண்ணு கரையில இருக்கற மரத்துல இருந்து விழுற சருகு. பாசிய மேயிறது ஒரு கூட்டம், சருக கிழிச்சு திங்கிறது ஒரு கூட்டம், தண்ணியில மிதந்து வர்ற தூள வடிகட்டித் திங்கிறது இன்னொரு கூட்டம். இவங்கள எல்லாம் பிடிச்சுத் திங்க தட்டான் குஞ்சு, மீனு, நண்டு, தவளை. புலிக்கு பதிலா மீனுன்னு வச்சுக்கலாம், ஆனா புலி அளவுக்கு சிம்பிளா இருக்காது, ஏன்னா மீன் குஞ்சா இருக்கறப்ப தட்டான் குஞ்சே அத பிடிச்சு சாப்பிட்ரும்.

அண்ணா ரெண்டு டிகிரி ஏறினா என்ன ஆயிடப் போகுது? பகலுக்கும் ராத்திரிக்குமே பத்து டிகிரி வித்தியாசம் வருதே

அது காத்தோட வெப்பம். நிழலான மலை ஓடையில, அதுவும் ஊத்துல இருந்து வர்ற தண்ணின்னா, ஒரு நாளைக்குள்ள அவ்வளவு ஏறி இறங்காது. இன்னொண்ணு, ரெண்டு டிகிரின்னு சொல்றது சராசரி, வருஷம் பூரா எல்லா நாளும் அந்தக் கூடுதல் இருக்கும்.

ஓடையில இருக்கறது முக்கால்வாசி குளிர் ரத்தப் பிராணி. தண்ணி சூடானா அதுங்க உடம்பும் சூடாகும், உடம்பு ஓடுற வேகமும் கூடும். பொதுவா பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்குல இருந்து ரெண்டரை மடங்கு வரைக்கும் கூடும்னு கணக்கு, அப்ப ரெண்டு டிகிரிக்கு 15 சதவீதமாவது வரும். சும்மா உக்காந்திருக்கறதுக்கே அவ்வளவு கூட சாப்பிடணும். சம்பளம் ஏறாம வாடகை மட்டும் ஏறின குடும்பம் மாதிரிதான், ஒரு மாசம் சமாளிக்கலாம், வருஷக்கணக்கா முடியாது.

சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மின்னு சொல்றீங்களே, எவ்வளவு கம்மி?

கடல் மட்டத்துல ஒரு லிட்டர் நல்ல தண்ணி 10 டிகிரியில சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும், 20 டிகிரியில 9.1, 30 டிகிரியில 7.6. தேவை கூடுது, இருப்பு குறையுது, ரெண்டும் ஒரே நேரத்துல. வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான், ஏப்ரல் மே மாசம் மீனெல்லாம் மேல வந்து வாய வாய பிளக்கும்.

பாறையில விழுந்து நுரைச்சு ஓடுற இடத்துல காத்து கலந்துகிட்டே இருக்கும், அங்க பெருசா பிரச்சனை வராது. தண்ணி வத்தி மடு மடுவா நிக்கிற கோடைதான் ஆபத்து, அதுலயும் விடியக்காலை. பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி பூரா அதுவும் சேர்ந்து உறிஞ்சும், அதனால விடியிறதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்ப கீழ போகும். மத்தியானம் போயி மீட்டர் வச்சுட்டு எல்லாம் ஓகேன்னு எழுதிட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும்.

மீன் செத்து மிதக்கலையே ப்ரோ, அப்ப பிரச்சனை இல்லதானே?

இந்தப் பக்கத்தையே எழுதினது இந்தக் கேள்விக்காகத்தான். சூட்டுல வெந்து சாகறது கடைசிக் கட்டம், அதுக்கு ரொம்ப முன்னாடியே யாரு யார எவ்வளவு சாப்பிடுறாங்கன்னு மாறிடும். ஐரோப்பாவுல பிரவுன் ட்ரவுட்னு ஒரு மீன், அது சாகறது சுமார் 25 டிகிரியில. ஆனா 19, 20 டிகிரி தாண்டினாலே அது சரியா சாப்பிடுறதில்ல, வளர்றதில்ல. இடையில இருக்கற அந்த அஞ்சு டிகிரியில மீன் உயிரோட இருக்கும், நீந்தும், போட்டோவுல நல்லாத்தான் தெரியும், ஆனா உடம்புல இருக்கறத கரைச்சுகிட்டு இருக்கும்.

இதெல்லாம் யாரு எங்க பாத்தாங்க? லேப்ல தொட்டியில வச்சு பண்ணின டெஸ்டா?

தொட்டி டெஸ்டும் நிறைய இருக்கு, ஆனா எனக்குப் பிடிச்சது ஐஸ்லாந்து. ரேக்யவிக் நகரத்துக்கு கிழக்க சுமார் 30 கிலோமீட்டர்ல ஹெங்கில்னு ஒரு எரிமலைப் பகுதி. அங்க ஒரே பள்ளத்தாக்குல பக்கம் பக்கமா நிறைய சின்ன ஓடைங்க, ஆனா பூமிக்கடியில இருக்கற சூட்டால ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வெப்பம். ஒண்ணு அஞ்சு டிகிரி, நடந்து போற தூரத்துல இன்னொண்ணு பன்னெண்டு, அதுக்கு அந்தாண்ட இருபத்தஞ்சு. சாதாரணமா வெந்நீர் ஊத்துன்னா கந்தகம் அது இதுன்னு கலந்து தண்ணியே வேற மாதிரி இருக்கும், இங்க சூடாகறது பெரும்பாலும் சுத்தமான நிலத்தடி நீரு, அதனால ரசாயனம் எல்லா ஓடையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, மாறுறது சூடு மட்டும். இயற்கையே ஒரு எக்ஸ்பெரிமெண்ட் செட் பண்ணி வச்ச மாதிரி.

குளிர்ந்த ஓடையில கைரோனோமிட் புழுக்கள்தான் ராஜ்ஜியம். அக்வேரியம் கடையில மீனுக்குப் போட பிளட் வோர்ம்னு விக்கிறாங்கல்ல, அந்தக் குடும்பம். சூடான ஓடைக்குப் போகப் போக இதுங்க குறைஞ்சு நத்தை ஏறும். ஒரு நத்தை பல புழுவோட எடை இருக்கும், பாசிய மேயிற வேகமும் பயங்கரம்.

அப்புறம் ஒரு ஆராய்ச்சிக் குழு அங்கயே ஒரு குளிர்ந்த ஓடைய வேணும்னே சூடாக்கிப் பாத்துச்சு. பக்கத்து சூடான ஓடைக்குள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர (தண்ணி கலக்காம சூட்ட மட்டும் கடத்துற கருவி) முக்கி வச்சு, குளிர்ந்த தண்ணிய அது வழியா விட்டு திரும்ப கொண்டுவந்து, ரெண்டு வருஷம் சராசரியா 3.8 டிகிரி கூட்டி வச்சாங்க. பக்கத்துல சூடாக்காத ஓடையோட ஒப்பிட்டா பூச்சி, புழு எண்ணிக்கை 60 சதவீதம் குறைஞ்சுச்சு, ஆனா மொத்த எடை மாறவே இல்ல.

எண்ணிக்கை பாதிக்கு மேல காலி, எடை மட்டும் அப்படியே இருக்கா? கணக்கு இடிக்குதே

இடிக்கல. சின்னச் சின்ன குளிர்விரும்பிங்க (கைரோனோமிட், மண்புழு சாதிப் புழுக்கள்) போயிருச்சு, பெரிய உடம்புக்காரங்க, நத்தையும் மத்த பூச்சிய வேட்டையாடுற ஈக்களோட புழுவும், உள்ள வந்துருச்சு. அதுல சிலது அந்த ஓடையில முன்னாடி இல்லாததே, சுத்துவட்டாரத்துல இருந்து வந்து சேந்தது. தராசுல வச்சா அதே எடைதான், ஆனா சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கறவங்க வேற. பொடிப் புழுவ நம்பியிருந்த மீன் குஞ்சு ஓடோட இருக்கற நத்தைய வச்சுகிட்டு என்ன பண்ணும்?

அதனால "மொத்த உயிர்ப்பொருள் குறையவில்லை"ன்னு எந்த அறிக்கையிலயாவது பாத்தீங்கன்னா அதோட நிறுத்தாதீங்க, யாரு இருக்கா, என்ன சைஸுன்னு கேளுங்க.

சூடானா பெரிய மீனுதான் முதல்ல காலியாகும்னு படிச்சேன். ஐஸ்லாந்துல மீன் நல்லா இருக்குன்னு வேற ஒருத்தர் சொல்றாரு. எது உண்மை?

ரெண்டும். உணவு வலையோட உச்சியில இருக்கறவனுக்குத்தான் செலவு அதிகம், அதனால முதல் அடி அவனுக்குன்னு தியரி. ஆனா ஹெங்கில்ல இருக்கற ஒரே மீன் நான் மேல சொன்ன பிரவுன் ட்ரவுட்தான், அத பிடிச்சு அடையாளம் போட்டு விட்டு திரும்பப் பிடிச்சு அஞ்சு மாசம் பாத்ததுல, ஓடை சூடாக ஆக எண்ணிக்கை, எடை, வளர்ற வேகம் எல்லாமே கூடித்தான் இருந்துச்சு.

காரணம் என்னன்னா அங்க சாதாரண ஓடை ட்ரவுட்டுக்கே ரொம்ப குளிரு, அது வசிக்கிற எல்லையோட வடக்கு ஓரம் அது. கொஞ்சம் சூடு ஏறினது அதுக்கு வசதியாப் போச்சு. கூடவே பாசியில இருந்து பூச்சி, பூச்சியில இருந்து மீனுன்னு சாப்பாடு மேல ஏர்றதும் சூடான ஓடையில வீணாகாம நல்லா நடந்துச்சு, மீனும் எது கிடைச்சாலும் திங்காம பொறுக்கித் திங்க ஆரம்பிச்சுச்சு. இதே ட்ரவுட் தெற்கு ஐரோப்பாவுல கோடையில ஏற்கனவே 19, 20 டிகிரிய தொட்டுகிட்டு இருக்கற ஓடையில இருந்தா கதையே வேற. மீன் இப்ப அதோட வசதியான வெப்பத்துக்கு கீழ நிக்குதா மேல நிக்குதா, அத வச்சுதான் சூடு வரமா சாபமான்னு சொல்ல முடியும்.

எரிமலை ஓடையெல்லாம் விடுங்க, சாதாரண ஓடையில நிஜமாவே ஏதாவது மாறியிருக்கா?

ரெண்டு இடம் சொல்றேன். ஒண்ணு வேல்ஸ்ல லின் பிரயான் அணைக்கு பக்கத்துல இருக்கற மலை ஓடைங்க. 1981ல இருந்து 2005 வரைக்கும் தொடர்ந்து பாத்திருக்காங்க, அந்த 25 வருஷத்துல தண்ணி 1.4ல இருந்து 1.7 டிகிரி ஏறியிருக்கு. அமிலத்தன்மை இல்லாத ஓடைகள்ல ஒவ்வொரு டிகிரிக்கும் வசந்த காலப் பூச்சி எண்ணிக்கை 21 சதவீதம் குறையலாம்னு கணக்கு போட்டாங்க.

ரெண்டாவது ஜெர்மனியில ஷ்லிட்ஸ் ஊருக்குப் பக்கத்துல பிரைட்டன்பாக்னு ஒரு குட்டி ஓடை. ஓடை மேலயே கூடாரம் கட்டி, தண்ணியில இருந்து றெக்கை முளைச்சு வெளிய வர்ற ஒவ்வொரு பூச்சியையும் 1969ல இருந்து 2010 வரைக்கும் எண்ணியிருக்காங்க. யாரோ ஒருத்தர் 42 வருஷமா ஈய எண்ணிகிட்டு இருந்திருக்காங்கன்னு நினைச்சா கும்பிடத் தோணுது. தண்ணி 1.88 டிகிரி ஏறுச்சு, பூச்சி எண்ணிக்கை 81.6 சதவீதம் விழுந்துச்சு. சாயப்பட்டறை, பூச்சிமருந்துன்னு கை காட்ட முடியாத, பாதுகாக்கப்பட்ட இடம் அது. வெப்பத்தோட சேர்ந்து நீர்வரத்தும் மாறியிருக்கு, ரெண்டுமே காலநிலை பண்ணின வேலைதான்.

பூச்சி குறைஞ்சா நல்லதுதான சார்? கொசு ஒழியட்டும்

கொசு பெரும்பாலும் தேங்கின தண்ணிக்காரன், வேகமா ஓடுற ஓடையில அவனுக்கு பெருசா வேலை இல்ல. அங்க குறையறது மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மாதிரி யாரையும் கடிக்காத ஆளுங்க.

அதுங்க தண்ணியில வளர்ந்து கடைசியில பறந்து கரைக்கு வர்றப்ப, ஓடையோட சாப்பாடு காட்டுக்குப் போகுது. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல ஹொரோனாய்னு ஒரு ஓடையில ஷிகேரு நகானோவும் மசாஷி முரகாமியும் அளந்து 2001ல வெளியிட்டது இது: கரைக்காட்டுல இருக்கற பறவைகளோட வருஷத் தேவையில சுமார் 26 சதவீதம் ஓடையில இருந்து வந்த பூச்சி, மீனோட தேவையில 44 சதவீதம் காட்டுல இருந்து தண்ணியில விழுந்த பூச்சி. கொடுக்கல் வாங்கல் ரெண்டு பக்கமும். ஓடையில குறைஞ்சா சிலந்திக்கும் வௌவாலுக்கும் சேர்த்துத்தான் குறையும்.

அதே ஜெர்மன் ஓடையில பூச்சி வகை கூடியிருக்குன்னு கேள்விப்பட்டேன், அத ஏன் சொல்லாம விட்டீங்க?

விடல, இங்க சொல்லலாம்னு வச்சிருந்தேன். ஆமா, எண்ணிக்கை சரிஞ்ச அதே காலத்துல இனங்களோட எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கு. குளிர்ந்த ஓடையில சில இனங்கள் மட்டும் கோடிக்கணக்குல இருக்கும், அதுங்க சரிஞ்சு, கீழ ஆத்துல இருக்கற வெதுவெதுப்பு பிடிச்ச இனங்கள் ஒண்ணு ரெண்டா மேல ஏறி வந்தா லிஸ்ட் நீளமாகும். மீனுக்கு லிஸ்ட் முக்கியமில்ல, வயிறு ரொம்புற அளவுக்கு பூச்சி வேணும்.

பூச்சி கொஞ்சம் முன்னாடியே றெக்கை முளைச்சு பறந்துட்டா என்ன நஷ்டம்?

பிரைட்டன்பாக்ல பூச்சி அதிகமா வெளிய வர்ற நாள் சுமார் ரெண்டு வாரம் முன்னாடி வந்துருச்சு. குஞ்சு பொரிச்ச பறவை அந்த நேரத்த நம்பியிருந்தா, குஞ்சு வாய் பிளக்கறப்ப பூச்சி முடிஞ்சிருக்கும்.

சைஸும் ஒரு விஷயம். சூட்டுல வேகமா வளர்ற பூச்சி பெரும்பாலும் சின்ன உடம்போடயே வளர்ச்சிய முடிச்சிடும். மேஃப்ளை றெக்கை முளைச்சப்புறம் சாப்பிடவே சாப்பிடாது, அதுக்கு வேலை செய்யற வாயே கிடையாது, சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து ஜோடி சேர்ந்து முட்டை போட்டுட்டு செத்துரும். அப்ப முட்டைக்கு வேண்டிய மொத்த சத்தும் தண்ணிக்குள்ள இருந்தப்ப சேர்த்ததுதான். அம்மா சின்னதுன்னா முட்டை கம்மி.

சூடானா சருகு மக்குறது வேகமாகும்னு சொல்றாங்க, சீக்கிரம் மக்கினா ஓடைக்கு உரம்தானே?

யாரு மக்க வைக்கிறாங்கன்னு பாக்கணும். சருக கிழிச்சுத் திங்கிற பூச்சி சாப்பிட்டா அது பூச்சியோட உடம்பாகும், அப்புறம் மீனாகும். சூடானா பூஞ்சை, பாக்டீரியா வேகம் கூடும், கிழிக்கிற பூச்சி (நிறையது குளிர்விரும்பி) பின்தங்கும், அப்ப சருகுல இருக்கற கார்பன் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிரும். வெளிய இருந்து பாத்தா ரெண்டுலயும் சருகு காணாம போகுது, உணவு வலைக்கு மட்டும் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

சூடா இருந்தா மேல ஏறி குளிர்ந்த இடத்துக்குப் போயிட வேண்டியதுதானே?

போறவங்க போறாங்க. ஆனா ஓடை ஒரு ஒத்தையடிப் பாதை, நடுவுல ஒரு தடுப்பணை, ஒரு உயரமான அருவி இருந்தா மீனுக்கு கதை முடிஞ்சுது. பறக்கற பூச்சி தாண்டிடும், அதுக்கும் ஒரு உச்சி உண்டு. அமெரிக்காவுல மொண்டானா மாநிலத்து கிளேசியர் தேசியப் பூங்காவுல பெரும்பாலும் பனி உருகுற தண்ணியில வாழற லெட்னியா டுமானான்னு ஒரு ஸ்டோன்ஃப்ளை (அதுவும் ஒரு ஓடைப் பூச்சி வகை) இருக்கு. ஏற்கனவே மலை உச்சியில இருக்கறவன் எங்க ஏறுவான்? 2019ல அத அபாயத்துல இருக்கற இனமா அந்த நாட்டு சட்டத்துல சேர்த்தாங்க.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கு இது பொருந்துமா அண்ணே? இங்க எல்லாமே சூட்டுக்குப் பழகினதுதானே

பழகினதுதான் சிக்கலே. குளிர் நாட்டுப் பூச்சி வருஷத்துக்குள்ளயே பூஜ்யத்துல இருந்து இருபது டிகிரி வரைக்கும் பாத்துரும், அதனால அதோட தாங்குற எல்லை அகலம். வெப்பமண்டலத்துல வருஷம் பூரா வெப்பம் பெருசா மாறாது, அதனால இங்க இருக்கறதுங்க பொதுவா குறுகின எல்லைக்குள்ள வாழுதுங்க, அதுவும் தாங்குற உச்சத்துக்குப் பக்கத்துலயே. பழகினவனுக்கு இன்னும் ரெண்டு டிகிரி தாங்கும்னு நினைக்காதீங்க.

அதே சமயம் ஐரோப்பா கணக்க அப்படியே தூக்கி இங்க போடவும் கூடாது. இங்க மழைக்காலம்தான் ஓடையோட காலண்டர், பருவமழை தள்ளிப் போனாலோ ஒரே நாள்ல கொட்டித் தீத்தாலோ கல்லுல இருக்கற எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிரும். நீலகிரியில ஆங்கிலேயர் காலத்துல கொண்டு வந்து விட்ட ரெயின்போ ட்ரவுட் சூட்டுல என்ன ஆகும்னு சிலர் ரொம்ப கவலைப்படுறாங்க, எனக்கு அதுல பெரிய அக்கறை இல்ல. பாறையில ஒட்டி பாசி மேயிற நம்ம குட்டி மீனுங்களும், அருவிப் பாறையில இருக்கற தவளையும் வேற எங்கயும் கிடையாது, கவலைப்படணும்னா அதுங்களுக்குப் படலாம்.

கரையில மரம் நட்டா சரியாயிடுமா?

சரியாகாது, ஆனா நிறைய தாங்கும். தெற்கு இங்கிலாந்துல நியூ ஃபாரஸ்ட் ஓடைகள்ல அளந்தப்ப 20ல இருந்து 40 சதவீத நிழல் இருந்தாலே கோடை வெப்பம் ட்ரவுட்ட கொல்ற அளவுக்குப் போகல, நல்லா வளர்ற வெப்பத்துல வைக்க சுமார் 80 சதவீதம் தேவைப்பட்டுச்சு. நிழலோட சருகும் வருது, பூச்சியும் விழுது, நகானோ கணக்கு ஞாபகம் இருக்குல்ல. ஆனா ஏற்கனவே இருக்கற கரைமரத்த வெட்டி "ஓடை தூய்மைப்பணி" பண்ணிட்டு அப்புறம் கன்னு நடுறாங்க பாருங்க, அந்தக் கன்னு நிழல் தர எத்தன வருஷம் ஆகும்!

இங்கிலாந்துல ஒரு டெஸ்ட்ல சூடானா சாப்பாடு மேல ஏர்றது பாதியாச்சுன்னு வந்துச்சு, நீங்க ஐஸ்லாந்துல நல்லா ஏறுச்சுன்னு சொல்றீங்க. யாரையாவது ஒருத்தர நம்பணுமே?

நீங்க சொல்றது டோர்செட்ல செயற்கைக் குளங்கள ஏழு வருஷம் 4 டிகிரி சூடாக்கி வச்சது, 2021ல வந்துச்சு. மிதக்கற பாசியில இருந்து அத திங்கிற நுண்விலங்குக்கு சத்து போறது 56 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுச்சு. அது தேங்கின குளம், மிதக்கற பாசி. ஹெங்கில் ஓடுற தண்ணி, கல்லுல ஒட்டின பாசி. அதோட ஹெங்கில் ஓடைகள்ல நைட்ரஜன் பஞ்சம், சூடான ஓடையில காத்துல இருக்கற நைட்ரஜன பிடிக்கிற நீலப்பச்சைப் பாசி நல்லா வளர்ந்து அந்தப் பஞ்சத்த கொஞ்சம் தீர்த்து வைக்கிது. ரெண்டு பேரும் அளந்தது சரிதான், அடியில உரம் எங்க இருந்து வருது, பாசி திங்கத் தக்கதா இல்லையாங்கறத வச்சு முடிவு மாறும்.

ஹெங்கில் ஓடை ரொம்ப காலமா சூடா இருக்கு, அங்க இருக்கறது பழகிப் போனது. அத வச்சு அம்பது வருஷத்துல ஏர்ற சூட்ட எப்படி சொல்ல முடியும்?

நல்ல கேள்வி, விமர்சகர்களும் இதத்தான் கேக்குறாங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்சு பழகாத ஓடைய சூடாக்கினதுக்கு இதுவும் ஒரு நல்ல காரணம், அங்கயும் நத்தை ஏறுச்சு, கைரோனோமிட் இறங்குச்சு, அந்த அளவுல ரெண்டும் ஒத்துப் போகுது. ஆனா அங்க நத்தை ரெண்டு வருஷத்துல வந்து சேர முடிஞ்சதுக்கு காரணம் பக்கத்துலயே சூடான ஓடை இருந்து அதுல நத்தை தயாரா இருந்தது.

இன்னொரு குறையும் இருக்கு. ஐஸ்லாந்து தனித் தீவு, மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை எல்லாம் அங்க பேருக்குத்தான் இருக்கு, ஹெங்கில்ல மீனும் ஒண்ணே ஒண்ணு. பத்து வகை மீனும் நண்டும் தட்டானும் இருக்கற ஓடையில ஒருத்தன் விட்ட இடத்த இன்னொருத்தன் பிடிக்கலாம், இல்ல ஒருத்தன் போனதால நாலு பேர் சேர்ந்து போகலாம். அதுக்குத்தான் வேல்ஸ், ஜெர்மனி மாதிரி ஒரே ஓடைய பல வருஷம் விடாம எண்ணின கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு சொல்றது. நம்ம பக்கம் ஆரம்பிக்கணும்னா வெப்பத்த தானாவே பதிஞ்சு வைக்கிற ஒரு லாகர கயித்துல கட்டி நிழலான பாறைக்கு அடியில போட்டு வைங்க, அதே இடத்துல அதே மாசத்துல அதே எண்ணிக்கை கல்ல திருப்பி இருக்கறத எண்ணி எழுதுங்க, பாத்துட்டு கல்ல அதே பக்கமா திரும்ப வச்சிருங்க.